கடைசி ரீலில் ஒரு மருத்துவக் கோப்பு: திரில்லர் எடுப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

திரில்லர் படங்களுக்குத் திரைக்கதை எழுதுகிறவர்களுக்கும், அவற்றை இயக்குகிறவர்களுக்கும், பணம் போடுகிறவர்களுக்கும்,

கொலைகாரன் ஏன் கொன்றான் என்ற கேள்விக்கு "அவனுக்கு மனநோய்" என்று பதில் எழுதுவதை விட்டுவிடுங்கள். அதைக் கேட்கத்தான் இந்த மடல்.

நான் திரில்லர் படங்களை வெறுப்பவள் இல்லை. இடைவேளை விளக்கு எரிவதற்குள் குற்றவாளியைக் கண்டுபிடித்துவிட வேண்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேனே, அந்த ரகம். கண்டுபிடித்துவிட்டால் பக்கத்தில் இருப்பவர் காதைக் கடிப்பேன். தோற்றுப்போனால் இயக்குநருக்கு மனதுக்குள் ஒரு சலாம் வைப்பேன். அதே சமயம், மனச்சிதைவு நோய் (ஸ்கிசோஃப்ரினியா) உள்ள ஒருவரின் தங்கை நான். ரசிகையும் தங்கையும் வெகுகாலம் சண்டையில்லாமல்தான் இருந்தார்கள். சமீபத்தில் வந்த ஒரு படம் மூட்டிவிட்டது. அதன் பெயரைச் சொல்லப் போவதில்லை. ஒரு படத்தைக் கூண்டில் ஏற்றிவிட்டால் மற்றவர்கள் கைதட்டிவிட்டுப் போய்விடுவார்கள். இதே வேலையைச் செய்த படங்கள் ஏராளம்.

அந்தப் படத்தில் வேட்டை அருமையாகவே போனது. கடைசிப் பத்து நிமிடத்தில் போலீஸ் அதிகாரி ஒரு பழைய மருத்துவமனைக் கோப்பைத் திறக்கிறார். கேமரா மெல்ல நெருங்குகிறது. நோயின் பெயர் திரை முழுக்க நிற்கிறது, வயலின்கள் அலறுகின்றன. அரங்கில் எல்லோருக்கும் எல்லாம் புரிந்துவிட்டது. எங்கள் வீட்டு பீரோவில் இருக்கும் கோப்பிலும் அதே பெயர்தான் இருக்கிறது.

முதலில் ரசிகையாகப் பேசுகிறேன். தங்கை பேசினால் "உணர்ச்சிவசப்படுகிறார்" என்று நீங்கள் ஒதுக்கிவிடக்கூடும். ரசிகையை அப்படி ஒதுக்க முடியாது, டிக்கெட் வாங்குபவள் அவள்தான்.

திரில்லருக்கென்று சில மரபுகள் உண்டு. முதல் ரீலிலேயே ஒரு பிணம் விழ வேண்டும். சந்தேகம் முதலில் தப்பான ஆள் மேல் போக வேண்டும். நேரம் குறைந்துகொண்டே வர வேண்டும். வழக்கை எடுப்பவர் சஸ்பென்ஷனில் இருப்பார், அல்லது குடும்பத்தைப் பறிகொடுத்துவிட்டுக் குடித்துக்கொண்டிருப்பார். சுவர் நிறையப் புகைப்படங்கள், அவற்றை இணைக்கும் சிவப்பு நூல். முக்கியமான நேரத்தில் போனில் சிக்னல் இருக்காது. எங்களில் யாருக்கும் இதில் மனக்குறை கிடையாது. நம் திரில்லர்களில் மழை இல்லாமல் கொலை விழுவதே அபூர்வம். அதையும் ரசிக்கத்தான் செய்கிறோம். மரபு என்பது ஒரு ஒப்பந்தம். நீங்கள் ஏமாற்றப் பார்ப்பீர்கள், நாங்கள் ஏமாறாமல் இருக்கப் பார்ப்போம், இரண்டு பேருக்கும் ஒரே சீட்டுக்கட்டு.

இந்த ஒப்பந்தம் எழுத்திலேயே இருக்கிறது. 1929இல் ரொனால்ட் நாக்ஸ் என்ற ஆங்கிலேயப் பாதிரியார், அவரும் துப்பறியும் கதை எழுதியவர்தான், தம் சக எழுத்தாளர்களுக்குப் பத்துக் கட்டளைகள் போட்டார். குற்றவாளி கதையின் தொடக்கத்திலேயே கண்ணில் பட்டிருக்க வேண்டும். துப்பறிபவருக்குக் கிடைக்கும் தடயம் வாசகருக்கும் உடனே காட்டப்பட வேண்டும். இரட்டையர்கள் வருவதானால் வாசகரை முன்பே அதற்குத் தயார்ப்படுத்தியிருக்க வேண்டும். (இரட்டை வேடத்திலேயே வளர்ந்த நம் சினிமாவிடம் அந்தப் பத்தாவது கட்டளையைப் பற்றிப் பேசாமல் இருப்பதே மரியாதை.) நாக்ஸ் பாதி விளையாட்டாகத்தான் எழுதினார். ஆனாலும் அடியில் இருப்பது ஒரே விதி: முடிச்சை அவிழ்க்கத் தேவையான எல்லாம் எங்கள் கண் முன்னாலேயே கிடந்திருக்க வேண்டும்.

சஸ்பென்ஸ் படங்களுக்குப் பெயர்போன இயக்குநர் ஹிட்ச்காக் சொன்ன வெடிகுண்டுக் கணக்கு உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். மேஜைக்கு அடியில் குண்டு இருப்பது நமக்குத் தெரியாமல் வெடித்தால் பதினைந்து விநாடி அதிர்ச்சி. தெரிந்திருந்தால் பதினைந்து நிமிடப் பதைபதைப்பு. நேர்காணல்களில் நீங்கள் அடிக்கடி எடுத்துச் சொல்லும் பாடம் இது. அதே மனிதர் 1950இல் 'ஸ்டேஜ் ஃப்ரைட்' படத்தின் தொடக்கத்தில் ஒரு பொய்யான ஃப்ளாஷ்பேக்கை வைத்தார். ஒரு பாத்திரம் அவிழ்த்துவிட்ட பொய்யைக் கேமரா உண்மைபோலவே காட்டியது. பலருக்கு அது பிடிக்கவில்லை. பிற்பாடு பிரெஞ்சு இயக்குநர் த்ரூஃபோவிடம் பேசும்போது, அதைச் செய்திருக்கவே கூடாது என்று அவரே ஒப்புக்கொண்டார். பாத்திரம் பொய் சொல்லலாம், கேமரா சொல்லக்கூடாது என்று ரசிகர்கள் பிடிவாதமாக இருந்தார்கள்.

இன்று அந்தக் கேமராவுக்கு மருத்துவச் சான்றிதழ் வாங்கிக் கொடுத்துவிட்டீர்கள்.

ஒன்றரை மணி நேரம் நாங்கள் பார்த்த நண்பன், மனைவி, குழந்தை, எதிர்வீட்டு ஆள், எல்லாம் நாயகனின் பிரமை. அதனால் எந்தக் காட்சிக்கும் கணக்குக் காட்ட வேண்டியதில்லை. மற்றவர்கள் ஏன் அந்த இல்லாத நண்பனுக்கு வழிவிட்டு நின்றார்கள், கதவை யார் திறந்தார்கள் என்று கேட்டால், "அதுதான் சொன்னோமே, அவனுக்கு வியாதி." எதையும் விளக்கிவிடக்கூடிய பதில் எதையுமே விளக்குவதில்லை. நாக்ஸ் காலத்தில் மறைந்திருந்த இரட்டைச் சகோதரன் செய்த வேலையை இன்று நோய் செய்கிறது. பிரமையை வைத்து நேர்மையாகவும் எழுதலாம். இரண்டாம் முறை பார்க்கும்போது ஒவ்வொரு காட்சியும் கணக்கில் நிற்கும்படி எழுதியவர்கள் உலகத்தில் இருக்கிறார்கள். அதற்கு வேலை அதிகம்.

நம்மிடமே ஒரு நல்ல அளவுகோல் இருக்கிறது. 1954இல் எஸ். பாலசந்தர் இயக்கிய 'அந்த நாள்'. பாட்டு இல்லாமல் தமிழில் படமே வராத காலத்தில் ஒரு பாட்டுகூட இல்லாமல் வந்த படம். சிவாஜி கணேசன் நடித்த ரேடியோ பொறியாளர் தொடக்கத்திலேயே சுடப்பட்டுச் செத்துப்போகிறார். இரண்டாம் உலகப்போரில் சென்னை மேல் குண்டு விழுந்த நேரத்துக் கதை. அவரைத் தெரிந்த ஒவ்வொருவரும் தங்கள் பக்கத்தைச் சொல்லச் சொல்ல, ஒவ்வொருவருக்கும் ஒரு காரணம் இருந்திருக்கக்கூடும் என்று தோன்றிக்கொண்டே போகிறது. சுட்டது யார் என்பதை இத்தனை வருடம் கழித்தும் இங்கே நான் சொல்லப் போவதில்லை, பார்க்காதவர்கள் பார்க்கட்டும். ஆனால் காரணம் தெரியவரும்போது அதைச் சுற்றி வாதாடலாம், சரியா தப்பா என்று இரவெல்லாம் சண்டை போடலாம். மருத்துவக் கோப்பை வைத்து அப்படி யாரும் சண்டை போட்டதில்லை.

கோப்பைத் திறக்கும் காட்சிக்கு ஒரு தாத்தா உண்டு. 1960இல் வந்த ஹிட்ச்காக்கின் 'சைக்கோ'வின் முடிவில் ஒரு மனநல மருத்துவர் வந்து நின்று, கொலைகாரனின் மனதைப் பாடம் நடத்துவதுபோல் விளக்குவார். அந்தப் படத்தைத் தலையில் வைத்துக் கொண்டாடும் விமர்சகர்கள்கூட அந்தச் சில நிமிடங்களைப் பார்த்து முகம் சுளித்திருக்கிறார்கள். அதன் படத்தொகுப்பையும் இசையையும் மௌனத்தையும் படிக்க ஒரு வாழ்நாள் போதாது. அவற்றையெல்லாம் விட்டுவிட்டு, அதன் நொண்டிக்காலை மட்டும் பத்திரமாக எடுத்துவந்து அறுபது வருடமாக நடை பழகிக்கொண்டிருக்கிறோம்.

இனி தங்கை பேசட்டும்.

அண்ணனுக்கு நோய் வந்தது கல்லூரிக் காலத்தில். இந்த நோய் பெரும்பாலும் பதின்வயதின் இறுதியிலும் இருபதுகளிலும்தான் தலைகாட்டும் என்று பிற்பாடு டாக்டர் சொன்னார். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் உலகம் முழுக்க ஏறத்தாழ 2.4 கோடிப் பேருக்கு, அதாவது சுமார் 300 பேரில் ஒருவருக்கு, இது இருக்கிறது. உங்கள் படம் ஓடும் ஒரு பெரிய அரங்கில் ஒருவராவது இருப்பார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவரோடு வந்த குடும்பத்தையும் சேர்த்து எண்ணிக்கொள்ளுங்கள்.

உங்கள் படத்தில் குரல் கேட்டால் அது "கொல்லு, கொல்லு" என்று எதிரொலியோடு சொல்லும். அண்ணனுக்குக் கேட்கும் குரல்கள் பெரும்பாலும் அவரைத்தான் திட்டும். சோம்பேறி, உதவாக்கரை, பார் எல்லோரும் உன்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். அவர் யாரையும் பயமுறுத்தியதில்லை, பயந்தது அவர்தான். ஜன்னல் திரையை விலக்கவிட மாட்டார். தெருவில் இரண்டு பேர் பேசிக்கொண்டு நின்றால் தன்னைப் பற்றித்தான் என்று நினைப்பார். வங்கிப் படிவம் ஒன்றை நிரப்ப உட்கார்ந்து பாதியில் எழுந்து போய்விடுவார், மனதை ஒரே இடத்தில் நிறுத்த முடியாது. மருந்து ஆரம்பித்த பிறகு பயம் அடங்கியது. அதற்குப் பதிலாக உடம்பு போட்டது, தூக்கம் அழுத்தியது, கை நடுங்கத் தொடங்கியது. டம்ளரை இரண்டு கையாலும் பிடிப்பார்.

இப்போது உங்கள் கொலைகாரனைப் பாருங்கள். ஒரு வருடம் திட்டமிடுகிறான். ஒவ்வொரு சிசிடிவி கேமராவின் கோணமும் அவனுக்கு மனப்பாடம். போலி அடையாள அட்டை, விஷத்தின் அளவு, ரயில் வரும் நிமிடம், போலீஸுக்கு விட்டுச்செல்லும் புதிர்க்கவிதை, எதுவும் பிசகுவதில்லை. ஐ.ஏ.எஸ். தேர்வு எழுதியிருந்தால் முதலிடம் வந்திருப்பான். அவனுக்குக் கடுமையான மனச்சிதைவு என்கிறீர்கள். சிந்தனையைச் சிதறடிக்கும் நோய்க்கும் கடிகாரம்போல் ஓடும் திட்டத்துக்கும் எப்படி ஒத்துப்போகும்? லாஜிக் ஓட்டை என்று நாங்கள் போன் சிக்னலைக் கிண்டல் செய்துகொண்டிருக்கிறோம். உண்மையான ஓட்டை இங்கே இருக்கிறது.

இதோடு இன்னொரு நோயையும் கலந்துவிடுகிறீர்கள். குரலும் கேட்கிறது, திடீரென்று ஆளும் மாறுகிறான், விடிந்தால் எதுவும் நினைவில்லை. மனச்சிதைவு உள்ளவருக்குள் மூன்று பேர் குடியிருப்பதில்லை. ஆளுமைகள் மாறி மாறித் தோன்றும் கோளாறு வேறு. அதற்கு முன்பு இருந்த 'பல ஆளுமை' என்ற பெயரை அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேடு 1994இலேயே மாற்றிவிட்டது. நம் படங்களில் வரும் டாக்டர் இன்னமும் பழைய பெயரைத்தான் கண்ணாடியைக் கழற்றியபடி உச்சரிக்கிறார்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். நோய் முற்றி, சிகிச்சை இல்லாமல், போதைப் பழக்கமும் சேர்ந்துகொண்டால் வன்முறைக்கான வாய்ப்பு கூடத்தான் செய்யும். 1998இல் வெளியான மக்ஆர்தர் ஆய்வு, அமெரிக்காவில் மனநல மருத்துவமனைகளிலிருந்து வீடு திரும்பியவர்களைப் பின்தொடர்ந்து பார்த்தது. போதைப் பழக்கத்தின் அறிகுறி இல்லாத நோயாளிகளுக்கும், அதே பகுதியில் வாழ்ந்த, அத்தகைய பழக்கம் இல்லாத மற்றவர்களுக்கும் வன்முறையில் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. மனநோய் உள்ளவர்கள் அடி கொடுப்பதைவிட அடி வாங்குவதே அதிகம் என்பதும் ஆய்வுகள் திரும்பத் திரும்பச் சொல்வது. எங்கள் வீட்டில் அதற்கு ஆய்வு தேவைப்படவில்லை. பேருந்து நிலையத்தில் தனக்குத்தானே பேசிக்கொண்டிருந்தார் என்பதற்காக அண்ணனை நாலு பேர் சேர்ந்து அடித்தார்கள். யாரோ ஒருவர் வீடியோவும் எடுத்தார்.

மாடி வீட்டுப் பையன் ஒருவன் அண்ணனோடு கேரம் ஆட வருவான். நடுங்கும் கையோடு அண்ணன் போடும் ரீபவுண்ட் அவனுக்குப் பெரிய ஆச்சரியம். நான் சொன்ன படம் வந்த பிறகு அவன் வருவது குறைந்தது, பிறகு நின்றது. படம்தான் காரணம் என்று என்னால் நிரூபிக்க முடியாது. ஆனால் அவன் அம்மா படிக்கட்டில் என்னை நிறுத்திக் கேட்ட கேள்வி எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். "மாத்திரையை ஒரு நாள் மறந்துட்டார்னா என்னக்கா ஆகும்?"

நீங்கள் எழுதிய கேள்வி அது. வாஷ்பேசினில் மாத்திரை விழுகிறது, தண்ணீரோடு சுழன்று ஓட்டைக்குள் போகிறது, அன்றிரவே ஒரு கொலை. மாத்திரை என்பது வெடிகுண்டின் பாதுகாப்பு ஊசி என்று ஒரு தலைமுறைக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறீர்கள். ஒரு வேளை மருந்தைத் தவறவிட்டால் என்ன ஆகும்? எங்கள் வீட்டில் அம்மா திட்டுவார். நாள் கணக்கில் நிறுத்தினால் தூக்கம் குறையும், பயம் திரும்பும், சாப்பாட்டைச் சந்தேகப்படுவார், நாங்கள் டாக்டரிடம் ஓடுவோம். அந்தப் பையனின் அம்மாவுக்கு இதைப் பொறுமையாகச் சொன்னேன். தலையாட்டினார். பையன் வரவில்லை.

அண்ணனும் திரில்லர் ரசிகர்தான் என்பதைச் சொல்லாவிட்டால் கோபித்துக்கொள்வார். என்னைவிடக் கூர்மையானவர். நாயகனின் கைக்கடிகாரம் ஒரு ஷாட்டில் இடது கையிலும் அடுத்ததில் வலது கையிலும் இருந்தால் அவர் கண்ணில் பட்டுவிடும். பிறகு அதே படத்தை வீட்டில் அவரோடு பார்த்தபோது, அந்தக் கோப்பு திறந்ததும் நான் ரிமோட்டைத் தேடினேன். அவர் அசையாமல் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "இந்தப் படத்துலயும் நான்தான் கொலைகாரனா?" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

நம் நகைச்சுவைப் படங்கள் கீழ்ப்பாக்கம் என்ற பெயரைச் சொல்லியே அரங்கைச் சிரிக்க வைத்தன. 1794இலிருந்து இயங்கும் ஒரு மருத்துவமனை, எத்தனையோ குடும்பங்களுக்கு மூச்சுவிட இடம் கொடுத்த இடம், ஒரு ஊருக்கே கெட்ட பெயராகிப்போனது. திரில்லர்கள் அந்தச் சிரிப்பை எடுத்துவிட்டு அங்கே பயத்தை வைத்தன. மின்னி மின்னி அணையும் குழல் விளக்கு, கம்பிக்குப் பின்னால் தலைவிரி கோலம், பலவந்தமாகக் கட்டிலில் கட்டி நினைவோடு இருக்கும்போதே கொடுக்கும் ஷாக். மயக்க மருந்தும் தசைத் தளர்வு மருந்தும் கொடுக்காமல் மின்னதிர்வுச் சிகிச்சை தருவதை 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் தடைசெய்திருக்கிறது. அதே பிரிவு, மனநோய் உள்ளவரை எந்த வகையிலும் சங்கிலியால் கட்டக் கூடாது என்றும் சொல்கிறது.

அந்தச் சங்கிலி எங்கிருந்து வந்தது என்று தமிழில் எழுதுகிறவர்களுக்கு நான் நினைவூட்ட வேண்டியதில்லை. 2001 ஆகஸ்ட் 6, ஏர்வாடி. மனநோயாளிகளைச் சங்கிலியால் கட்டி வைத்திருந்த காப்பகக் கொட்டகையில் தீப்பிடித்தபோது, ஓட முடியாமல் 28 பேர் செத்துப்போனார்கள். அவர்களை அங்கே கொண்டுவிட்டவர்கள் அத்தனை பேரும் கொடியவர்கள் இல்லை. பலருக்குப் பணம் இல்லை, சிகிச்சை எங்கே கிடைக்கும் என்று தெரியவில்லை, பிறகு பயம். அந்தப் பயத்தை நீங்கள் உண்டாக்கினீர்கள் என்று நான் சொல்லவில்லை. அது உங்களுக்கு முன்பே இருந்தது. அதற்கு வாராவாரம் தீனி போடுவது யார் என்றுதான் கேட்கிறேன்.

"கற்பனைக் கதைதானே" என்பீர்கள். படத்தில் ஒருவர் சிகரெட் பற்றவைத்தால் கீழே எச்சரிக்கை ஓடுகிறது. ஒரு நாய் ஓடினால் அதைத் துன்புறுத்தவில்லை என்று தொடக்கத்திலேயே அட்டை போடுகிறீர்கள். கற்பனைக்கு விளைவு உண்டு என்பது எல்லோரும் ஏற்கெனவே ஒப்புக்கொண்ட விஷயம். (எங்களுக்கும் ஒரு அட்டை போடுங்கள் என்று கேட்கவில்லை. இரண்டு மணி நேரம் பயமுறுத்திவிட்டு இரண்டு விநாடி மன்னிப்பு வேண்டாம்.) மனவளர்ச்சி குன்றியவர்களையும் உடல் ஊனமுற்றவர்களையும் இழிவுபடுத்தும், கேலிசெய்யும் காட்சிகள் தேவையில்லாமல் இடம்பெறக் கூடாது என்று தணிக்கைக்கான 1991ஆம் ஆண்டு வழிகாட்டுதலே சொல்லியிருக்கிறது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் பட்டியலில் மனநோயும் இருக்கிறது. 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் ஒரு படம் தொடர்பான வழக்கில், அந்தப் படத்துக்குத் தடை எதுவும் போடாமலேயே, மாற்றுத்திறனாளிகளைத் திரையில் காட்டுவது பற்றித் தெளிவாகப் பேசியது. ஒரே அச்சில் வார்த்த பாத்திரங்களைத் தவிர்க்க வேண்டும், மருத்துவ நிலையைக் கூடியவரை சரியாகக் காட்ட வேண்டும், சம்பந்தப்பட்டவர்களைக் கலந்தாலோசிக்க வேண்டும், எழுத்தாளர்களுக்கும் இயக்குநர்களுக்கும் இதில் பயிற்சி வேண்டும். சட்டத்தைக் காட்டி மிரட்டுவதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நான் தடை கேட்கும் ஆள் இல்லை. வெட்டுப்பட்ட திரில்லரைப் பார்ப்பதற்குப் பார்க்காமலே இருக்கலாம்.

மனநோய் உள்ளவரைப் புனிதராகக் காட்டுங்கள் என்றும் கேட்கவில்லை. அதுவும் இன்னொரு வார்ப்புதான். அவர் சாட்சியாக வரட்டும், போலீஸாக வரட்டும், சந்தேகத்துக்குரியவராக வரட்டும். கொலைகாரராகவே இருந்தாலும் இருக்கட்டும், சொத்துக்காகவோ பொறாமையாலோ பழிக்காகவோ, மற்றவர்கள் கொல்வதுபோல. அவர் நோய் அவருடைய ஒரு பகுதியாக இருக்கட்டும், விடையாக வேண்டாம்.

உங்களுக்கு ஒரு கருவைச் சும்மாவே தருகிறேன், பெயர் போட வேண்டாம். ஜன்னல் திரையின் இடுக்கு வழியாக ஒருவர் எதிர்வீட்டில் ஒரு கொலையைப் பார்த்துவிடுகிறார். அவருக்குப் பிரமை வரும் என்று தெருவுக்கே தெரியும், கொலைகாரனுக்கும் தெரியும். போலீஸ் அவர் கோப்பைப் பார்த்துவிட்டு வாக்குமூலத்தை எழுதாமலே திருப்பி அனுப்புகிறது. அவருக்கே தன் மேல் சந்தேகம். பார்த்தது நிஜமா என்று அவர் எப்படிச் சரிபார்ப்பார்? அண்ணன் ஒரு வழி வைத்திருக்கிறார். குரல் கேட்டால் எங்கள் முகத்தைப் பார்ப்பார், நாங்கள் திரும்பிப் பார்த்தால் அது வெளியில் இருந்து வந்த சத்தம். எங்கள் வீட்டில் இது தினசரி நடப்பது. உங்கள் கையில் இதைவிட நல்ல சஸ்பென்ஸ் இருக்கிறதா? குண்டு மேஜைக்கு அடியில் இருப்பது எங்களுக்குத் தெரியும், அவருக்கும் தெரியும், நம்பத்தான் ஆள் இல்லை.

நோயைப் பற்றி எழுதியதால் மற்றவற்றைச் சொல்ல இடமில்லாமல் போகிறது. தழும்பு விழுந்த முகம், குட்டையான உடல், திருநங்கை, இவர்களையும் இதே வேலைக்குத்தான் பயன்படுத்துகிறீர்கள். அவர்கள் தங்கள் மடலைத் தாங்களே எழுதுவார்கள்.

நான் கேட்பவை இவை. நீங்கள் இப்போது எழுதிக்கொண்டிருக்கும் கதையில் நோயின் பெயரைச் சொல்லும் பக்கத்தைக் கிழித்துவிட்டுப் படித்துப் பாருங்கள். கொலைக்குக் காரணம் மிஞ்சினால் அந்தப் பக்கம் தேவையில்லை. மிஞ்சாவிட்டால் கதை இன்னும் முடியவில்லை, எழுதுங்கள். பிரமையைத் திருப்பமாக வைத்தால், அதற்கான தடயங்களை நாங்கள் இரண்டாம் முறை பார்த்துச் சரிபார்க்கும்படி முதல் பாதியிலேயே போடுங்கள். மயக்க மருந்தில்லாத ஷாக் காட்சியையும், சங்கிலியையும், பேசினில் சுழலும் மாத்திரையையும் விட்டுவிடுங்கள். 'சைக்கோ', 'மெண்டல்' என்ற சொற்களைப் போஸ்டரிலும் டீசரிலும் விற்பனைச் சரக்காக்காதீர்கள்.

நோயோடு ஒரு பாத்திரம் வேண்டியே ஆக வேண்டுமானால், திரைக்கதை நிலையிலேயே ஒரு மனநல மருத்துவரிடமும் அந்த நோயோடு வாழும் ஒருவரிடமும் படிக்கக் கொடுங்கள். படப்பிடிப்பு முடிந்து தணிக்கைக்குப் போகும் வாரத்தில் கொடுத்துப் பயனில்லை. ஆள் தேட அலைய வேண்டியதும் இல்லை. மனச்சிதைவுக்கென்றே 1984இல் மனநல மருத்துவர் டாக்டர் சாரதா மேனன் முயற்சியில் தொடங்கிய ஸ்கார்ஃப் என்ற தொண்டு நிறுவனம் சென்னையிலேயே இருக்கிறது. பணம் போடுகிறவர்களும் ஓடிடி தளங்களும் இந்த வாசிப்புக்கு ஆகும் செலவைப் படத்தின் பட்ஜெட்டில் சேர்க்க வேண்டும். மழைக்கு ஒதுக்கும் தண்ணீர் லாரிச் செலவை இதற்குப் பக்கத்தில் வைத்தாலே போதும்.

கடைசியாக, எழுத்தாளர் சங்கமும் இயக்குநர் சங்கமும் சேர்ந்து ஒரு நாள் பயிலரங்கு ஒன்றை நடத்த வேண்டும். உச்ச நீதிமன்றம் சொன்ன பயிற்சிக்கு அதுவே தொடக்கமாக இருக்கட்டும். நோயாளிகளையும் குடும்பத்தினரையும் மேடைக்குக் கீழே உட்கார வைக்காமல், உங்கள் திரைக்கதைகளைக் கையில் கொடுத்துப் பேசச் சொல்லுங்கள். என் அண்ணன் வரத் தயாராக இருக்கிறார். கைக்கடிகாரம் எந்தக் கையில் இருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்வார்.

இப்படிக்கு,
உங்கள் படங்களுக்கு இன்னமும் டிக்கெட் வாங்கும் ஒரு ரசிகை